ரோமில் நான்கு நாள்: அம்மாவின் முழங்காலிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

கரூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ரோம் வருகிறீர்கள். நீங்கள், மனைவி, 11 வயது மகள், அப்பா, முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா. வியாழன் இரவு இறங்கி, செவ்வாய் காலை கிளம்புகிறீர்கள். கையில் இருப்பது வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு பகல். பட்டியலில் 23 இடங்கள், அதில் ரோமுக்கு வெளியே உள்ள பொம்பெய்யும் ஃபுளோரன்ஸும் அடக்கம். இவ்வளவும் முடியுமா, முடியாதென்றால் எதை விடலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், 'முடியாத இடங்களுக்கு அம்மாவை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாமா' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். அம்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டாம். அவரால் முடிந்த அளவை வைத்துத் திட்டம் போட்டால், மற்ற நான்கு பேருக்கும் அதுவே நல்ல திட்டமாக அமையும்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் படிப்புக்காக 14 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊருக்கு வந்தேன், அதே தொழிலில் இங்கேயே தங்கிவிட்டேன். சுண்ணாம்புச் சாந்து, செங்கல், கல் இவைதான் என் அன்றாடம். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களையும் அவர்களுக்குத் தெரிந்தவர்களையும் வருடத்துக்கு நான்கைந்து முறை சுற்றிக்காட்டி வருகிறேன். வழிகாட்டி உரிமம் பெற்றவள் அல்ல, மருத்துவரும் அல்ல. அம்மா எவ்வளவு நடக்கலாம், எத்தனை படி ஏறலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நடை, எவ்வளவு நிற்க வேண்டும், தரை எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என் அப்பா அம்மா முதல் முறை வந்தபோது நானும் உங்களைப் போலத்தான் பட்டியல் போட்டேன். ஒரே நாளில் கொலோசியம் என்ற பழைய அரங்கம், ஃபோரம் என்ற பழைய நகர மையத்தின் இடிபாடுகள், காம்பிதோலியோ குன்று, பாந்தியன் என்ற பழைய கோயில், திரெவி நீரூற்று. மாலை நான்கு மணிக்குத் திரெவிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா நீரூற்றுக்கு முதுகைக் காட்டிக் கல்விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அவ்வளவு பெரிய சிற்பக் கூட்டம், தண்ணீர் இரைந்து கொட்டுகிறது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குப் போன பிறகு அத்தை ரோம் எப்படி என்று கேட்டதற்கு, "ஒரே கல்லு" என்றாராம். அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்று அவரை அவ்வளவு தூரம் நடக்கவிட்டது என் தவறு.

என் அம்மா சொன்ன கல் வேறெதுவுமில்லை, தெருவில் பாவியிருக்கும் கல்தான். பழைய நகரத்துத் தெருக்களில் பெரும்பாலும் கறுப்பு எரிமலைப் பாறையைச் சிறு கட்டிகளாகச் செதுக்கி, மணலில் பதித்திருப்பார்கள். சம்பியெத்ரீனி என்று பெயர். மேல்முகம் உள்ளங்கை அகலம், அடிப்பக்கம் கூம்பு. வண்டிகள் ஓடி ஓடி ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நிற்கும், இடுக்கில் குதிகால் சிக்கும், மழை பெய்தால் வழுக்கும். சிமெண்டுத் தரையில் மூன்று கிலோமீட்டர் சுலபமாக நடப்பவருக்கும் இதில் ஒன்றரைக் கிலோமீட்டரே போதும் என்றாகிவிடும். தடித்த அடிப்பாகமுள்ள கால்பூட்டும் ஷூ வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே உங்கள் அம்மா அதைப் போட்டு நடக்கட்டும். புது ஷூவை ரோமில் பழக்கக் கூடாது. கைத்தடி வைத்திருந்தால் அதன் நுனி ரப்பரைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அதைவிட முழங்காலை வதைப்பது வரிசையில் நிற்பது. நடக்கும்போது வலி பரவிப் போகும், நிற்கும்போது ஒரே இடத்தில் இறங்கும். ஆகவே இங்கே முன்பதிவு என்பது உள்ளே போக அனுமதி மட்டும் அல்ல, நிற்கும் நேரத்தைக் குறைக்க நீங்கள் கொடுக்கும் விலை. ரோமில் கட்டாயம் முன்பதிவு செய்ய வேண்டியவை என் கணக்கில் மூன்றுதான்: வத்திக்கான் அருங்காட்சியகம், போர்கேஸே காட்சியகம், கொலோசியம். மூன்றுக்கும் அதிகாரபூர்வ இணையதளம் உண்டு. தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், அதே டிக்கெட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். போன வருடம் என் சித்தி மகன் அப்படி ஒரு தளத்தில் ஐந்து பேருக்குப் பணம் கட்டிவிட்டு வந்தான். வந்து பார்த்தால் கொடுத்த நேரம் வேறு, கூட்டிப்போக வேண்டிய ஆளையே காணோம். கொலோசியம் டிக்கெட்டில் வருகிறவரின் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை, எந்த நாட்டுக் குழந்தையானாலும். ஆனாலும் மகளுக்கும் கட்டணமில்லாத டிக்கெட் ஒன்றைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் அட்டவணையில் உள்ள இரண்டு பிழைகள். ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகம் என்று போட்டிருக்கிறீர்கள். ஞாயிறு அது மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள், அன்று வரிசை மதிலைச் சுற்றிப் போகும். உங்கள் அம்மாவுக்கு அந்த இலவசம் வேண்டாம். அடுத்தது, திங்கள் போர்கேஸே. அரசு அருங்காட்சியகங்களில் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை, போர்கேஸேவுக்கும் அப்படித்தான். கொலோசியமும் ஃபோரமும் திங்களன்றும் திறந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது: மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் இலவசம். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருவதால், உங்கள் ஞாயிறு அந்த முதல் ஞாயிறாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் அன்று கொலோசியம் பக்கமே போகாதீர்கள்.

ஆக நாட்களை இப்படி மாற்றுவேன்: வெள்ளி வத்திக்கான், சனி போர்கேஸே, ஞாயிறு பாந்தியனும் சுற்றியுள்ள தேவாலயங்களும், திங்கள் கொலோசியம். நாளுக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்பிப் படுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாலை ஐந்துக்கு மேல் மறுபடி இறங்கினால் வெயில் தாழ்ந்திருக்கும், ஊரே தெருவில் இருக்கும்.

இதற்கு ஏற்றபடி தங்குமிடம் அமைய வேண்டும். ஐந்து பேருக்கு நான் சொல்வது பிராத்தி பகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிட்டுக் கட்டியது, அதனால் தெருக்கள் நேர், நடைபாதை அகலம், மேடு பள்ளம் இல்லை. ஒத்தவியானோ மெட்ரோ நிலையம் அங்கேயே இருக்கிறது, வத்திக்கான் நடை தூரம். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், அதிலும் வெள்ளிக்கிழமைகளில் அதிகம். முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்றாலும், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் செய்தி எட்டாது. வெள்ளியன்று நடந்தே போகக்கூடிய இடமாக வத்திக்கானை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொலோசியத்துக்கு அருகிலுள்ள மோந்தி அழகான பகுதி, ஆனால் சரிவும் படியும் அதிகம். எங்கே அறை எடுத்தாலும், லிஃப்ட் இருக்கிறதா, அது தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய வீடுகளில் பத்துப் படி ஏறின பிறகுதான் லிஃப்ட் வரும். அறை வாடகையோடு நகர வரியும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், அது ஏமாற்று அல்ல.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு இருப்பதிலேயே முதல் நேரத்தைப் பிடியுங்கள். அடையாளச் சீட்டைக் காட்டினால் உள்ளே சக்கர நாற்காலி கட்டணமில்லாமல் தருவார்கள். அம்மா கூச்சப்படலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. நீண்ட கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், சிஸ்டைன் சிற்றாலயம் கடைசியில்தான் இருக்கிறது. நாற்காலியில் போனவர் அங்கே போய்ச் சேரும்போது அவருக்குப் பார்க்கத் தெம்பு மிச்சமிருக்கும். அதற்காகத்தானே வருகிறோம்? சிற்றாலயத்தின் உள்ளே சுவரோரம் கல் இருக்கைகள் உண்டு. ஓர் இடம் காலியாகும்வரை காத்திருந்து உட்காருங்கள், நின்றுகொண்டு அண்ணாந்தால் கழுத்து நான்கு நிமிடம்தான் தாங்கும். மேற்கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். பலகையில் மல்லாந்து படுத்து வரைந்தார் என்று சொல்வார்கள், அது சரியல்ல. சாரத்தில் நின்றபடி, தலையை அண்ணாந்துதான் வரைந்தார். தாடி வானத்தைப் பார்க்க, தூரிகையின் சாயம் முகத்தில் சொட்டுகிறது என்று அவரே ஒரு கவிதையில் புலம்பியிருக்கிறார், ஓரத்தில் நின்று வரையும் ஆளின் சிறு படமும் போட்டிருக்கிறார். பலிபீடச் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு ஓவியம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1541இல் முடித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரே மனிதரின் மனம் எவ்வளவு இருண்டிருக்கிறது என்று பாருங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, ஆகவே மகள் கண்ணால் பார்ப்பாள், நல்லதுதான்.

புனித பேதுரு பேராலயத்துக்கு அன்றே போகாதீர்கள். பிராத்தியில் தங்கினால் சனி அல்லது திங்கள் காலை ஏழு மணிக்கு நடந்து போகலாம், பாதுகாப்புச் சோதனை வரிசை அப்போது சிறியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலையில் வரும் அம்மாவுக்குக் கவலை இல்லை, அரைக்கால் சட்டையில் வரும் ஆண்களைத்தான் திருப்பி அனுப்புவார்கள். புதன்கிழமை காலைகளில் போப்பின் பொதுச் சந்திப்பு நடக்கும், உங்கள் நாட்களில் புதன் இல்லை. குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிஞ்சும், அதுவும் சுவர் சாய்ந்து நெருக்கும் குறுகல் படி. நீங்களும் மகளும் போய் வாருங்கள். அப்பா அம்மா கீழே வலப்பக்க முதல் சிற்றாலயத்தின் அருகே நிற்கட்டும். மகனின் உடலை மடியில் கிடத்திய மரியாளின் சிலை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மைக்கலாஞ்சலோ இதைச் செதுக்கி முடித்தபோது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. 1972இல் ஒருவர் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்திய பிறகுதான் கண்ணாடி வந்தது.

போர்கேஸேவை உங்கள் பட்டியலில் 19ஆவதாக வைத்திருக்கிறீர்கள். நான் முதல் மூன்றுக்குள் வைப்பேன். பூங்காவுக்குள் ஒரு மாளிகை, அளவான கூட்டத்தை மட்டுமே உள்ளே விடுவார்கள், இரண்டு மணி நேரம், பிறகு வெளியே. அதனால் நெரிசல் இல்லாமல் சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம். பெர்னினி செதுக்கிய புளூட்டோ–புரோசெர்பினா சிலைக்குப் பின்பக்கமாக வாருங்கள். புரோசெர்பினாவைத் தூக்கிச் செல்லும் பாதாளக் கடவுள் புளூட்டோவின் விரல்கள் அவள் தொடையில் அழுந்துகின்றன. அழுந்தின இடம் குழிந்து, விரலுக்கு இடையே சதை பிதுங்கி நிற்கிறது. தொட்டுப் பார்த்தால் அது பளிங்கு, கடினமான கல். (தொட விடமாட்டார்கள்.) அதைச் செய்தபோது அவருக்கு 23 வயது. கல்லோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விரல்களின் முன் நின்ற ஒவ்வொரு முறையும் என் கை கூசுகிறது. அடுத்தடுத்த அறைகளில் தாஃப்னி என்ற புராணப் பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறும் சிலை, கரவாஜ்ஜியோவின் ஆறு ஓவியங்கள். பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது, எனவே மூன்றில் இதைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். நுழைவு நேரம் தவறினால் டிக்கெட் போனது போனதுதான், டாக்சியில் போய்விடுங்கள்.

ஞாயிறு காலை தேவாலயங்களில் திருப்பலி நடக்கும், பார்வையாளர்களைச் சுற்ற விடமாட்டார்கள். மதியம் பன்னிரண்டரை வாக்கில் பல தேவாலயங்களை மூடிவிட்டு மூன்றரை, நான்குக்குத்தான் திறப்பார்கள். அதனால் அன்று காலை தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பலாத்ஸோ மாஸ்ஸிமோ. இது உங்கள் பட்டியலில் இல்லை, நான் சேர்க்கிறேன். லிஃப்ட் உண்டு, கூட்டம் மிகக் குறைவு. மேல்மாடியில் அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியாவின் மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சுவரோவியங்களை ஓர் அறையின் நான்கு சுவரிலும் பதித்திருக்கிறார்கள். மாதுளை, எலுமிச்சை வகை மரங்கள், பறவைகள், பின்னால் மங்கலாகிக்கொண்டே போகும் நீலம். 2,000 ஆண்டுக்கு முந்தைய தோட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கலாம். கீழ்த்தளத்தில் காசுகள். கரூர்க்காரர் நீங்கள் அதைப் பார்க்காமல் போகக் கூடாது. அமராவதி ஆற்றுப்படுகையிலும் கோவை வட்டாரத்திலும் கிடைத்த ரோமானியக் காசுகளின் கூடப் பிறந்தவை அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. மகளுக்கு அதைக் காட்டுங்கள்.

மாலையில் பாந்தியன். இந்தக் கட்டடத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், அடக்கிக்கொள்கிறேன். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதுவே. ஒரு முழு உருண்டையை உள்ளே வைத்தால் தரையைத் தொட்டு நிற்கும். கம்பியே போடாத காங்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடத்தை இன்றுவரை யாரும் கட்டவில்லை. தாங்குவதன் சூட்சுமம் கலவையில் இருக்கிறது. அடியில் கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். சுவர் கனமும் அப்படியே குறைந்துகொண்டு போகிறது, உச்சியில் ஒன்றும் இல்லை, திறந்த வட்டம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே விழும். தரை நடுவில் லேசாகப் புடைத்திருக்கும், தண்ணீர் வடிய 22 சிறு துளைகள் இருக்கின்றன, மகளை எண்ணச் சொல்லுங்கள். கட்டடத்தின் முகப்பில் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கட்டியது என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அவருடைய கோயில் எரிந்துபோனது. இப்போது நிற்பதன் செங்கற்களில் உள்ள முத்திரைகள், இது ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 120களில் முடிந்தது என்று காட்டுகின்றன. இது உறுதி. அவருக்கு முந்தைய டிராஜன் காலத்திலேயே வேலை தொடங்கிவிட்டதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. டிராஜன் காலத்தில் தொடங்கியது என்ற பக்கமே நான் சாய்கிறேன், ஆனால் அது என் சாய்வுதான்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேஸி தேவாலயம். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜியோ வரைந்த மத்தேயு படங்கள் மூன்று. அரையிருட்டாக இருக்கும், பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணையும். விளக்கு அணைந்த பிறகும் ஒரு நிமிடம் நில்லுங்கள். மெழுகுவெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் எப்படித் தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் புரியும். கட்டணம் இல்லை. ரோமின் மிகச் சிறந்த ஓவியங்களில் பாதி இப்படித் தேவாலயங்களுக்குள் இலவசமாக இருக்கின்றன, பட்டியலில் வராமல் போகின்றன.

கொலோசியம் திங்கள் காலை. கி.பி. 80இல் திறந்தது, 188 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம். உள்ளே லிஃப்ட் உண்டு. சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போல ஓட்டைகள் இருப்பது ஏன் என்று மகள் கேட்பாள். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்புப் பற்றுகளை, இரும்புக்குத் தட்டுப்பாடு வந்த இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள், அந்த ஓட்டைகள்தான் அவை. இங்கே வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். கிளாடியேட்டர்கள் என்ற ஆயுதப் போர் வீரர்கள் மோதியது, விலங்கு வேட்டை, மரண தண்டனை எல்லாம் உறுதி. கிறிஸ்தவர்களை இதே அரங்கில் சிங்கத்துக்குப் போட்டார்கள் என்பதற்குத் திடமான சான்று இல்லை. ரோமில் அவர்கள் கொல்லப்பட்டது உண்மை, இந்த இடத்தில்தான் என்பதுதான் ஐயம். கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்பதும் பிற்கால ஓவியங்கள் பரப்பியது. விரலை எப்படியோ திருப்பினார்கள் என்றுதான் பழைய எழுத்துகளில் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று தெளிவில்லை.

அதே டிக்கெட்டில் ஃபோரத்துக்குள் போகலாம், ஆனால் அம்மா வேண்டாம். அங்கே இருப்பது பழைய ரோமானியத் தெருவின் பெரிய பாறைப் பாவல், சம்பியெத்ரீனியைவிட மோசம், நிழலும் குறைவு. நீங்களும் மகளும் அப்பாவும் ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டு வாருங்கள். அதுவரை அம்மாவும் உங்கள் மனைவியும் எங்காவது உட்கார்ந்து காப்பி சாப்பிடட்டும். மாலையில் எல்லோருமாக காம்பிதோலியோ குன்றுக்குப் போங்கள். மைக்கலாஞ்சலோ திட்டமிட்ட அகலமான சரிவுப்படி, நின்று நின்று ஏறலாம். மேலே நகர மண்டபத்தின் பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போனால் ஒரு திண்ணை, அங்கிருந்து ஃபோரம் முழுவதும் காலடியில் தெரியும். காசில்லை, வரிசையில்லை. உள்ளே நடந்தவர்களைவிட அம்மா முழுதாகப் பார்ப்பார். அந்தப் பக்கத்தில் மூன்று பெரிய வளைவுகளோடு நிற்பது மாக்சென்டியஸ் மண்டபம். அதன் அடியில்தான் தொமீஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடலும் எகிப்தும் தாண்டி வந்து அடுக்கப்பட்ட இடம். அந்த வளைவுகளைக் கைகாட்டி அம்மாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள், வீட்டில் எல்லோரும் சைவம் என்றும். மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட காச்சோ ஏ பேப்பே என்ற பாஸ்தா இந்த ஊர்ச் சிறப்பு, நம் நாக்குக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதில் போடும் பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் கட்டியை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். பர்மிஜானோவிலும் கன்றின் சாறு உண்டு. முட்டைகூடத் தொடாதவர்களுக்கு இது முக்கியம், முடிவு உங்கள் அம்மாவுடையது. தக்காளியும் பூண்டும் மட்டும் உள்ள மரினாரா பீட்சா, எடை போட்டு வெட்டித் தரும் கடைகளில் சிவப்பு பீட்சா, பருவத்துக் கீரை வதக்கல், வறுத்த உருளைக்கிழங்கு இவை பிரச்சினையில்லாதவை. பூந்தரேல்லே என்ற பச்சைக் கீரையில் நெத்திலி மீன் அரைத்து ஊற்றியிருப்பார்கள், சோற்று உருண்டையான சுப்லியில் பெரும்பாலும் கறிக் குழம்பு இருக்கும், சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். 'சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே' என்றால் கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று பொருள், சொல்லிவிட்டே ஆர்டர் செய்யுங்கள். இரவு உணவுக்கு ஏழரைக்கு முன் நல்ல கடை எதுவும் திறக்காது. காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதிக விலை. உங்கள் அம்மாவுக்காக மேசை விலையைத் தயங்காமல் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவோரம் சுமார் 2,500 இரும்புக் குழாய்கள் ஓயாமல் ஓடுகின்றன, மூக்கு நீண்டிருப்பதால் நசோனி என்று பெயர், நல்ல குடிநீர். குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வாய்க்கு நேராக எழும். மகளுக்கு ரோமில் மிகவும் பிடித்தது இதுவாகவே இருக்கலாம்.

விட வேண்டியவை: பொம்பெய், ஃபுளோரன்ஸ் இரண்டும். ரயில் வேகமாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு நாளை விழுங்கும், பொம்பெய்யின் தரை ஃபோரத்தைவிடக் கடினம். நிலத்தடிக் கல்லறைகள் படிக்கட்டு காரணமாக வேண்டாம். உண்மையின் வாய் என்ற கல்முகத்தில் கைவிட்டுப் படம் எடுக்கும் வரிசையும் வேண்டாம், அது பெரும்பாலும் பழைய வடிகால் மூடியாக இருந்திருக்கும் என்கிறார்கள். திரெவிக்குச் சனிக்கிழமை விடியற்காலை ஆறரைக்குப் போங்கள், பகலில் தோளோடு தோள் உரசும். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019 முதல் தடை, அபராதம் போடுவார்கள். களைத்துப்போன அம்மாவை அங்கே உட்கார வைத்துவிடாதீர்கள். மீதியெல்லாம் போகிற வழியில் தானாக வரும்.

பிக்பாக்கெட் உண்டு, மெட்ரோவிலும் தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்திலும் கூடுதல் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டை உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள், நகலை அறையில் வையுங்கள். அவசரத்துக்கு 112. விமான நிலையத்திலிருந்து ஐந்து பேர், பெட்டிகள், இரவு நேரம் என்பதால் ரயிலைவிட, பெரிய வண்டி ஒன்றை ஹோட்டல் மூலமாகவே சொல்லி வைப்பது நல்லது. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏற முடியும்.

விசா என் துறை அல்ல, அடிப்படையை மட்டும் சொல்கிறேன். இத்தாலிக்கு எடுக்க வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக்கெடு 15 நாள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 12 வயது நிரம்பாத மகளுக்கு 45. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை மாதங்களில் நேர்முகத்துக்கு இடம் கிடைப்பது கடினம், ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். காப்பீடு எடுக்கும்போது அம்மாவின் முழங்காலை ஏற்கெனவே உள்ள நோய் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

தேதி உறுதியானதும் இதன் கீழேயே எழுதுங்கள். அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறா, கடைசி ஞாயிறா என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள், அதை வைத்து நாட்களை மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.